பெருவீதியின் நான்காவது சின்னம்

உலகத்தில் தெருக்கள் ஏராளம். வரலாறே நடந்து போகும் தெரு ஒன்றுதான். அது நம் தலைநகரத்தின் பெருவீதி. அதன் மணிக்கூண்டுக்கு நான்கு முகம், நான்கு நேரம். எந்த அதிகாரி எப்போது வேலைக்கு வந்தாலும் ஏதாவது ஒரு முகத்தின்படி சரியான நேரத்துக்குத்தான் வந்திருப்பார். அடுத்தது குதிரைச் சிலை. ஆட்சி மாறும்போதெல்லாம் மேலே இருப்பவரைக் கழற்றிவிட்டு வேறொருவரை ஏற்றுவார்கள். குதிரை மட்டும் நூற்றிருபது வருஷமாக ஒரே கொள்கையில் நிற்கிறது. மூன்றாவது நீரூற்று, அயல்நாட்டு விருந்தினர் வரும் நாளில் பீறிடும், மற்ற நாட்களில் அடக்கம் காக்கும்.

நான்காவது, மத்திய நூலகம். பதினோரு வருஷத்துக்கு முன் அதன் கூரை ஒழுகியது. "பழுது பார்க்கும் வரை" முகப்பை மறைத்து மூன்று மாடி உயரத்துக்குத் துணி கட்டினார்கள். துணியில் அந்த நூலகத்தையே வரையும் வேலை, விளம்பரத் தட்டி எழுதிக்கொண்டிருந்த ஓவியருக்குக் கிடைத்தது. நூலகர் அவருடைய சொந்த அக்கா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கோப்பில் இருக்கிறது.

அக்கா துணிக்குப் பின்னால், பக்கவாட்டுக் கதவு வழியாகத் தினமும் ஒன்பது மணிக்கு நூலகத்தைத் திறந்தாள். சொட்டும் இடத்தில் வாளியையும் சொட்டாத இடத்தில் வாசகர்களையும் உட்கார வைத்தாள். முன்னால், பயணிகள் துணியைப் படம் பிடித்தார்கள். அவ்வளவு தத்ரூபம். புறா ஒன்று வரைந்த ஜன்னலில் உட்காரப் போய்ச் சறுக்கியதை ஓவியர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார்.

இந்த வருஷம்தான் கூரை போட ஒருவழியாக முடிவாயிற்று. சாரம் கட்டத் துணியை இறக்க வேண்டும், இறக்கினால் கிழிந்துவிடும். 'மரபுச் சின்னப் பாதுகாப்புக் குழு' ஓவியரைக் கூப்பிட்டது.

"நாலு நாள்ல வேற துணி வரைஞ்சு தரேன்னு சொல்லிட்டு வந்துடுடா," என்றாள் அக்கா. "பெருமையடிக்காதே."

"நான் எப்பக்கா பெருமையடிச்சேன்?"

"புறாக் கதையைச் சொல்லாதே."

குழு கூடியது. பொறியாளர் எழுந்தார். "சார், சுவர் ஈரம் துணிக்கு இறங்குது. பெரிய ஆபத்து."

"சுவருக்கா?" என்றார் தலைவர்.

"துணிக்கு சார்."

குழு அதிர்ந்தது. தலைவர் ஓவியரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இதே மாதிரி இன்னொண்ணு வரைய முடியுமா?"

நாலு நாள் என்பது ஓவியரின் நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் மேஜையில் அவருக்கு முன்னால் 'கலை மாமேதை' என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க "யோவ் தட்டி" என்று மட்டுமே கூப்பிடப்பட்ட மனிதர். அட்டையை இன்னொரு முறை படித்தார்.

"முடியாதுங்க," என்றார். "அதெல்லாம் ஒரு தடவைதான் அமையும். ஒருநாள் இப்படித்தான் புறா ஒண்ணு…"

புறா சறுக்கி முடிப்பதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: துணி தேசியச் சின்னமாகிறது, அதற்கு ஊறு விளைவிக்கும் 'பின்புறக் கட்டுமானம்' அகற்றப்படும்.

"ஐயா, அந்தப் பின்புறக் கட்டுமானம்தான் நூலகம். உள்ளே எங்க அக்கா இருக்காங்க."

"கவலைப்படாதீங்க. நோட்டீஸ் கொடுத்துட்டுத்தான் இடிப்போம்."

இடித்தார்கள். துணியில் ஒரு நூல்கூடப் பிரியாமல் இடித்த நேர்த்தியைப் பெருவீதி இன்றும் பாராட்டுகிறது. இரும்புக் கம்பங்களில் துணி கம்பீரமாக நிற்கிறது. பின்னால் வெட்டவெளி.

தேசியச் சின்னத்தில் கைவைக்கக் கலை மாமேதைக்கும் உரிமையில்லை. ஆனாலும் தூசி தட்டும் சாக்கில் ஏறி, இரண்டாம் மாடி ஜன்னலில், புத்தகமும் கையுமாக ஒரு பெண்ணை வரைந்துவிட்டு இறங்கினார் ஓவியர். அக்காவைக் கூட்டிவந்து காட்டினார். அவள் கையில் ஒரு வாளி இருந்தது. நூலகத்தில் மிஞ்சியது அதுதான்.

அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"புறாக் கதையைச் சொன்னியா?"

அவர் வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார், அவள் தரவில்லை.

அதற்குள் பின்னால் ஒரு பயணிகள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வழிகாட்டி மரியாதையாகத்தான் சொன்னார்:

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நூலகத்தை மறைக்கிறீங்க."