கலரைச் சத்தமாகச் சொல்லு

இது நடந்தது 2014இலா, அதற்கு அடுத்த வருடமா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் கொடுத்த யோசனைகளை நானே கொஞ்சம் நல்லதாக மாற்றி நினைவில் வைத்திருக்கவும் கூடும். உச்சிமாகாளியும் நானும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் இருந்தோம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போனோம்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். வேலைக்குச் சேரும்போது கண் சோதனைக்குக் காட்டுகிற நிறப்புள்ளிப் புத்தகத்தின் எண்களை, முன்னமே சேர்ந்திருந்த நான்தான் வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தேன். லைனில் அவன் வயர்களை நிறம் பார்த்து எடுப்பதில்லை, தொங்கும் இடம் பார்த்து எடுப்பான். இடமிருந்து மூன்றாவது சிவப்பு, ஆறாவது பச்சை. சூப்பர்வைசர் நரசிம்மன் சோதிக்க வரும்போது ஒவ்வொரு வயரையும் தொட்டு, "கலரைச் சத்தமா சொல்லு" என்பார். உச்சிமாகாளி சொல்வான். அவர் டிக் அடிப்பார். இவ்வளவு கண்டிப்பான மனிதர் வேறெந்த லைனிலும் இல்லை என்று பேசிக்கொள்வோம்.

அவன் ட்ரெயினி. பெர்மனென்ட் ஆக ஒரு மாதம் இருந்தது. அதற்கு முன் மறுபடியும் கண் சோதனை உண்டு என்று ஒரு பேச்சு கிளம்பியது. பயந்துபோய், இதற்கு வைத்தியம் இருக்கிறதா என்று போனில் தேடினான். மறுநாள் பேஸ்புக்கில், ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்து அவன் போட்டிருந்த படத்துக்கு நேர் கீழே ஒரு விளம்பரம்: 'சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியவில்லையா?'

"ஏல ஏசு, என் படத்துக்குக் கீழயே ஒட்டிட்டானுவ. ஊரே பாக்குமே," என்று என்னிடம் புலம்பினான்.

நரசிம்மனும் அவனுக்கு அதில் நண்பர். அவரை நீக்கிவிடச் சொன்னது நான்தான். இரண்டு நாள் கழித்து அவர் லைனுக்கே வந்து, எல்லோர் முன்னாலும், "இன்னாப்பா, நம்மளத் தூக்கிட்டியாமே" என்றார். மறுபடி சேர்த்துக்கொண்டான்.

விளம்பரத்தை அழுத்தினால் எடுத்துவிட வழி இருக்கும் என்றேன். அழுத்தினான். அது கண்ணாடிக் கடை, கண் ஆஸ்பத்திரி, மூலிகைச் சொட்டு மருந்து என்று மூன்றானது. வேறு எதையாவது போட்டு அமுக்கிவிடலாம் என்று டிராக்டர், குக்கர், வரன் பார்க்கும் பக்கங்களுக்கெல்லாம் லைக் போட்டோம். அதன்பிறகு கண் விளம்பரங்களுக்கு நடுவே டிராக்டரும் மணப்பெண்ணும் வந்தார்கள். பெண் கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்று என்னிடம் கேட்டான்.

கடைசியில், நேரே போய்ப் பேசிவிடு என்றேன். டீ இடைவேளையில் போனான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"சார், பேஸ்புக்ல அந்த வெளம்பரத்தப் பாத்தியளா?"

"எந்த வெளம்பரம்?"

"செவப்பு, பச்ச தெரியாதவங்களுக்குன்னு…"

நரசிம்மன் டீயைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார்.

"பாத்தேன். யாராண்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். சொல்லவும் மாட்டேன். பெர்மனென்ட் மட்டும் ஆயிட்டாப் போதும்."

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

பஸ்ஸில் வரும்போது உச்சிமாகாளிக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத மனிதர், தெய்வம் என்றான்.

மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. நடத்தை திருப்தியில்லை என்று நரசிம்மன் எழுதிக் கொடுத்திருந்தார். கண் சோதனை கடைசிவரை நடக்கவேயில்லை.

யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள் சேரப்பணஞ்சேரியிலிருந்து வேலைக்கு வரும் வேல்விழி. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"உங்க படத்துக்குக் கீழ வர்றது உங்களுக்கு மட்டுந்தாண்ணா தெரியும்," என்றாள். "அதே படத்துக்குக் கீழ எனக்குப் புடவ வெளம்பரம் வருது. அவங்கவங்க இன்னா தேடுறாங்களோ, அதான் அவங்கவங்களுக்கு வரும்."

"சார் பாத்தேன்னாரே."

வேல்விழி யூனிஃபார்மை மடித்து அலமாரியில் வைத்தாள்.

"அப்ப சாரும் தேடிகினு இருந்திருக்காரு."

உச்சிமாகாளி தூத்துக்குடியில் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டான். அங்கே எல்லாம் வெள்ளை. வேல்விழி கல்யாணமாகிப் படப்பைக்குப் போனாள். நரசிம்மன் தரச் சோதனைப் பிரிவுக்கு மேனேஜர் ஆனார். இப்போதும் லைனுக்கு வந்தால் கலரைச் சத்தமாகத்தான் சொல்லச் சொல்கிறார். நான் சொல்கிறேன்.