தொட்டில் இல்லை, நாற்காலி

இல்லை அண்ணே, அது தொட்டில் இல்லை. நாற்காலி. மேலேயிருந்து தொங்குகிற, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கயிற்று நாற்காலி.

அன்புள்ள இனியன் அண்ணனுக்கு என்று தொடங்கி, மதினி சுகமா, சின்னமனூரில் மழை உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். உன் குரல்பதிவுக்குப் பிறகு முறைப்படி எழுத வரவில்லை. "தொட்டில் கொண்டாறது தாய்மாமன் உரிம. ஒம் மாமியா வீட்டுல அவுகளாவே செஞ்சுக்கிருவாகளோ? ஞாயித்துக்கெழம நானே தொட்டிலோட வாரேன்." அதன்பின் நீ போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

நடந்தது இதுதான். நாற்காலி பார்சலில் வந்தது. மாட்டுவதற்கான ஸ்டாண்டைத் தனியாக வாங்க வேண்டுமாம். கூரையில் துளை போட்டால் ஒழுகும் என்று அத்தை விடவில்லை. போர்வெல்லுக்கு வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாய் இருக்கிறதே என்றார் இவர். தாளில் வரைந்தேன். தரையில் இரண்டு கால்கள், பின்னாலிருந்து எழுந்து தலைக்கு மேல் தூண்டில்போல வளைகிற குழாய், நுனியில் கொக்கி. தேவாரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எபனேசர் அண்ணனிடம் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னம்மா தொங்கப் போகுது?"

"உள்ள உக்காந்து ஆடுறதுக்குண்ணே."

"யாருக்கு?"

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமானவள், பள்ளியில் பாடம் நடத்துகிறவள், தனியாக உட்கார்ந்து ஆடுவதற்கு இரும்பில் ஏற்பாடு செய்கிறாள் என்பதை உரக்கச் சொல்ல வெட்கம். தலைகுனிந்து சிரித்தேன். நம் ஊரில் அந்தச் சிரிப்புக்கு ஒரே அர்த்தம்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது, எபனேசர் அண்ணன் பிள்ளைத் தலையில் இடித்துவிடும் என்று முனைகளையெல்லாம் தேய்த்து உருட்டி, என் இடுப்பு உயரத்துக்கு வெட்டி, ரோஸ் பெயிண்ட் அடித்து, ஜெபமும் பண்ணி ஆட்டோவில் ஏற்றிவிட, ஆட்டோக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வர, அத்தை மலையம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று, "ஏ ஆத்தா, ஊரே சொன்னாக, எங்கிட்டச் சொல்ல மட்டும் வாய் வலிச்சுச்சா ஒனக்கு?" என்று திருநீறு பூச, நாற்காலி அத்தை, நாற்காலி என்று நான் கத்தி, நம்ப வைப்பதற்காக அதிலேயே மாட்டி உட்கார்ந்து காட்ட, நான் தரையில், ஸ்டாண்டு என் மேல்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "அப்ப பிள்ள இல்லையா?"

"இல்லத்த."

"இதுல நீயா ஆடப் போற?"

"ஆமா."

என் மேல் கிடந்த ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தி உயரம் பார்த்தார். பிறகு, "அப்ப எதுக்கு இம்புட்டுக் குட்டையா அடிச்சான் அந்தப் பய? நீட்டி அடிக்கச் சொல்லு, போ."

நீண்டு வந்தது. பின்னால் எழும்பாமல் இருக்கக் கால்கள்மேல் அம்மிக்கல்லை ஏற்றியதும் அத்தைதான். இப்போது சாய்வதில்லை. உட்கார்ந்தால் பாதம் தரையில் படாது. யாராவது கூப்பிட்டால் உடனே எழ முடியாது. இதைத்தான் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதில் உட்கார்ந்து உன்னை நினைத்தேன். என் கல்யாண பிளெக்ஸில் உன் படத்தை விட்டுவிட்டார்கள். இவர்கள் வீட்டு டிராக்டர்கூட இருந்தது. நியாயமான கோபம்தான். அன்றிலிருந்து இந்த வாசலை நீ மிதிக்கவில்லை. பஸ்ஸில் ஒரு தூக்கத்துக்குக்கூடக் காணாத தூரம். இப்போது வருகிறாய், ஒரு பிள்ளைக்காக. அந்தப் பிள்ளை இல்லை. தெரிந்தால் வரமாட்டாய். மறைத்தால் நான் உன்னை ஏமாற்றியவள்.

அதனால் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். தொட்டிலை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு.

மதினிக்கு அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உன் கோபத்துக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
அனுசுயா

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. நீ வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்த பிறகு அத்தை உன் கையில் கொடுப்பார். ஆகவே இதைப் படிக்கும் இந்த நிமிடம் நீ எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறாய். உன் குரல்பதிவுக்கு "வாண்ணே" என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைக்க இவரை அனுப்பினேன்.