தகரம் பிடிக்காத தகரத்தார்

வன்னியில் தகரத்தைப் பரம எதிரியாகப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தகரத்தார்தான்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். கூரை, வேலி, கோழிக்கூடு என்று ஊரே தகரத்துக்குள் குடியிருக்க, இவர் தன் வளவில் ஒரு தகரப்பேணியைக்கூட விட்டுவைக்கமாட்டார்.

கிளிநொச்சியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தேன். வானத்தில் சுற்றும் செய்மதிகளின் சிக்னலை வாங்கி, நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவிதான் எங்களுக்குச் சோறு போட்டது. வானத்திலிருந்து நேரே வரும் சிக்னலோடு, பக்கத்துத் தகரத்தில் பட்டுத் தெறித்த சிக்னலும் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். கருவி பாவம், இரண்டையும் நம்பி இடத்தைத் தள்ளிக் காட்டிவிடும். இந்தத் தெறிப்புத்தான் தகரத்தாரின் நித்திரையைக் கெடுத்தது.

பரந்தன் சந்தியில் அளக்கப்போய், நின்ற பஸ்காரரோடு சண்டை.

"பஸ்ஸை எடும் தம்பி! இது நிண்டா நான் ஆனையிறவு உப்பளத்துக்கை நிக்கிறன் எண்டு காட்டும்."

"ஆக்கள் ஏறினாத்தான் எடுப்பன் ஐயா."

ஆட்களைத் தகரத்தாரே பிடித்து ஏற்றினார். ஏற்றிய வேகத்தில் எங்கள் கருவியின் முக்காலியைத் தூக்குகிறவரும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் கருவியின் அடியில் ஓர் உலோகத் தட்டைப் பூட்டியிருந்தார், நிலத்தில் பட்டு வரும் தெறிப்பை மறிக்க. "இதுவும் தகரந்தானே ஐயா?" என்றேன்.

"இது எங்கட ஆள்" என்றார்.

பிறகு முள்ளிவாய்க்காலில் மணியக்கா என்பவரின் காணி எல்லையை அளக்கப் போனோம். போரில் செத்த மகளை அவர் தன் காணி மூலையிலேயே புதைத்திருந்தார். எல்லைக்கல் எல்லாம் எப்போதோ போய்விட்டது. பழைய வரைபடத்தின்படி கருவியை வைத்தால், மகள் கிடக்கும் இடம் அடுத்த காணிக்குள் என்றது. அடுத்த காணிக்காரர் அங்கே கக்கூஸுக்குக் குழி வெட்ட இருந்தார்.

"மிசின் பொய் சொல்லுமே?" என்றார் அடுத்த காணிக்காரர்.

"உம்மட தகர வேலி சொல்லவைக்குது. கழட்டும்."

"மாடு வரும் ஐயா!"

"மாடு வந்தா நான் துரத்திறன். தகரத்திலை பட்டு வாறதை ஆர் துரத்திறது?"

வேலி கழன்றது. செய்மதிகள் இடம் மாறினால் அளவு இன்னும் சரியாக வரும் என்று காத்திருந்த நேரமெல்லாம், தகரத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னபடியே மாடு துரத்தினார். திரும்ப அளந்தபோது எல்லை புதைகுழியைத் தாண்டி அப்பால் போனது. மணியக்கா மணலில் முகம் புதைத்து அழுதார். அடுத்த காணிக்காரர் வேலியைத் தன் பக்கமாகத் தள்ளிப் போட்டார்.

வரும் வழியில் கேட்டேன், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று.

"என்ர மனுசியையும் பிள்ளையையும் எங்கை புதைச்சவை எண்டே எனக்குத் தெரியாது" என்றார். "இடம் தெரிஞ்சவைக்கு ஒரு சாணும் பிசகக்கூடாது."

அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துத்தான் எனக்குப் பழக்கம்.

போன மாரிகாலத்தில் தகரத்தார் காலமானார். சாவீட்டு முற்றத்தில் யாரோ தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த மணியக்காதான் நிமிர்ந்து பார்த்தார்.

"உந்தத் தகரத்தைக் கழட்டுங்கோ தம்பி. அந்த மனுசன் நேரை மேலை போகட்டும்."

கழற்றினோம். மழை தூறத் தொடங்கியது. ஒருவரும் வீட்டுக்குள் ஒதுங்கவில்லை, எங்கள் தகரத்தாரைச் சுற்றி நனைந்துகொண்டே நின்றோம்.