தேவியின் மனம் அறிந்தவர்

மழை பெய்தால் நனைகிறவர்கள் ஒரு ரகம். மழை ஏன் பெய்கிறது என்று சொல்லிக்கொண்டே நனைகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தார் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், கிரேக்க நாட்டில் எங்கள் எலூசிஸ் ஊரில் கொஞ்சம் செழிப்பாகவே விளைகிறார்கள். விளையாமல் என்ன செய்வார்கள்? பயிர்த்தாய் தெமேத்தர், மகளைப் பாதாள ராஜாவிடம் பறிகொடுத்து, தேடி அலைந்து, கடைசியில் ஓய்ந்துபோய் உட்கார்ந்ததே எங்கள் ஊர்க் கிணற்றடியில்தான். மகள் புருஷன் வீடு போகும்போது தாய் வாடுகிறாள், மண்ணும் வாடுகிறது. திரும்பி வந்தால் பூப்பூக்கிறது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட இது போதும். ஆனால் இந்த ரகத்தாருக்கோ அவள் வீட்டு உள்விவகாரம் முழுக்க அத்துப்படி!

நௌசோனையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பார்லி நிலம், ஆர்கிப்பே என்று ஒரு மனைவி, மெலித்தா என்று ஒரே மகள். இருப்பிடம், சோசியாஸின் முடிதிருத்தும் கடை. சொந்த வீடு என்று ஒன்றும் இருக்கிறது, சாப்பிடவும் தூங்கவும்.

ஒரு துண்டு மேகம் தெரிந்தால் போதும். பாதித் தாடி கத்தரித்த கோலத்தில் எழுந்து வாசலுக்கு வந்து, "பெத்தவ அழ ஆரம்பிச்சாச்சு" என்பார். மழை வராமல் போனால்? "அழுது அழுது கண்ணீர் வத்திப்போச்சு." காற்றடித்தால் தாய் தலைவிரிகோலமாகத் தேடுகிறாள், ஆலங்கட்டி விழுந்தால் தேவராஜா ஜீயஸோடு சண்டை, வெயில் காய்ந்தால் சண்டை முற்றிப் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. தோற்கவே முடியாத சாஸ்திரம். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். "அது தேவி கோயில்ல தீட்சை வாங்கினவங்களுக்கு மட்டும். வெளிய சொன்னா நாக்கு அழுகிடும்." இப்படியாக, அவருக்குத் தெரியாததெல்லாம் ரகசியமாகிவிட்டது.

கதையில் அவர் தவறாமல் அழுகிற இடம் ஒன்று உண்டு. "பாதாள ராஜா பொண்ணு கேட்டாராம். இந்த ஜீயஸ், பெத்த தகப்பன், சரின்னு தலையாட்டிட்டாராம்! பெத்தவகிட்ட ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று விம்முவார். அழும்போது கன்னம் ஆடும் என்பதால் சோசியாஸ் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

விதைப்புக் காலத்தில் ஒருநாள், இப்படி அழுது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து முக்காலியில் இருந்த யூபோயா தீவுக் கம்பளி வியாபாரி பேச்சுக் கொடுத்தார். தன் அண்ணன் மகனுக்குப் பெண் தேடுகிறாராம். எங்கள் ஊரில் தகப்பன் நாலுபேர் முன்னால் வாய்ச்சொல் கொடுத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். நௌசோனுக்குக் கண்ணில் ஈரம்கூடக் காயவில்லை.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. குடுத்தேன்!" என்றார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். பார்லி அரைத்துக்கொண்டிருந்த ஆர்கிப்பேயின் கை திரிகையில் அப்படியே நின்றது.

"பையனப் பாத்தீங்களா?"

"சித்தப்பனப் பாத்தேன். கம்பளி என்னமா இருக்குங்கற, தொட்டா வெண்ணெய்!"

"கம்பளிக்கா எம்பொண்ணக் கட்டிக் குடுக்கறீங்க? அதுவும் கடல் தாண்டி?"

அவள் சண்டை போடவில்லை. சண்டையென்றால் நௌசோனுக்குச் சமாளிக்கத் தெரியும். கறுப்பு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மெலித்தாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திரிகை ஓடவில்லை. அடுப்பு எரியவில்லை. மறுநாளும் அப்படியே. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நௌசோன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடைக்குப் போனார்.

"ஏதோ தெய்வக் குத்தம்ப்பா. வீட்ல ஒரு பிடி மாவில்ல. தேவி கோவத்துல இருக்கா."

"எந்த தேவிண்ணே?" என்றார் சோசியாஸ்.

"என்னய்யா கேள்வி? தெமேத்தர்தான்!"

"இல்ல, நான் உங்க வீட்டுக் கிணத்தடியில உக்காந்திருக்காங்களே, அவங்களக் கேட்டேன்."

கடையே குலுங்கிச் சிரித்தது. நௌசோனும் சேர்ந்து சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் பசி தாங்காமல் கிணற்றடிக்கு வந்து நின்றார். மெலித்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அந்தக் கதையில அம்மாவ முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, குளிர்காலமே வந்திருக்காதில்ல?"

நௌசோனின் குரல் தாழ்ந்தது. "அது வந்து... தீட்சை வாங்கினவங்களுக்கு மட்டும்தான்..."

"நானும் தீட்சை வாங்கினவதான்," என்றாள் ஆர்கிப்பே. "அங்க அப்படி ஒண்ணும் ரகசியமில்ல."

அன்றிரவு அவர் தூங்கினாரோ என்னவோ. காலையில் கடைக்கு வந்து, வியாபாரி முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கடையின் சுவர்கள் அதுவரை கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"என் சம்சாரத்தக் கேட்டுட்டுச் சொல்றேன்."

சோசியாஸின் கத்தரி நின்றுபோனது. வியாபாரி நல்ல மனுஷர். பையனையே கூட்டி வந்தார். ஆர்கிப்பே அவனைப் பார்த்தாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள், பிறகு மகளைக் கேட்டாள். மெலித்தா அவன் கைகளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா" என்றாள். பூப்பூக்கிற காலத்திலிருந்து அறுவடை முடியும்வரை வருஷாவருஷம் பெண் தாய்வீட்டில் இருப்பாள் என்று பேசி முடித்தார்கள். திரிகை சுற்றியது.

நௌசோன் திருந்தினாரா? அடுத்த மழைக்கே அதே முக்காலி. "ஜீயஸ் கடைசியில இறங்கி வந்து, மகளத் தாய்கிட்ட திருப்பி அனுப்ப வெச்சாரே, ஏன்? பெரிய மனசுய்யா! அந்த மனசு எனக்குத்தான் தெரியும்." தாயே, மன்னித்துக்கொள். இவரும் உன் பிள்ளைதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. இதைப் படிக்கும்போது, 'அட, நம்ம ஆள் அப்படியே இவர்தான்' என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் மனதில் வந்து போனதல்லவா? அழும்போதெல்லாம் நௌசோனுக்கும் அப்படித்தான், ஜீயஸின் முகம் மட்டுமே வந்து போயிற்று.