பொன்னாடை அண்ணையும் மூன்று குரல்களும்

டென்மார்க்கில் பொன்னாடை அண்ணை கையால் பொன்னாடை வாங்காதவர்கள் இரண்டே வகை: அரண்மனையில் இருப்பவர்கள், தொட்டிலில் கிடப்பவர்கள். நோகாமல் பல்லுப் பிடுங்கிய டொக்டருக்குப் போர்த்தினார். கொட்டும் பனியிலும் நேரத்துக்கு வந்த பஸ் சாரதிக்குப் போர்த்தினார். கடைசி மகளுக்கு நீச்சல் பழக்கிய டேனிஷ்காரர், தண்ணீர் சொட்டச் சொட்டச் சரிகைக் கரையோடு நின்றதை நானே பார்த்தேன்.

அத்தனையும் என் கடைச் சரக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று சில்க்போர்க் நகரில் என் கடையைத் தெரியாத தமிழன் இல்லை. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். இந்த மனிதரிடம் மட்டும் தோற்றேன்.

முதியோர் இல்லத்தில் துணி தோய்ப்பது அவர் வேலை. அங்கே ஒரு டேனிஷ் மூதாட்டி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் இசைத்தட்டுகளை நாள் முழுக்கப் போடுவாராம். அவர் அண்ணையிடம் கொடுத்துவிட்ட தட்டுகளைக் கேட்டதோடு, ஜெபக்கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்த அண்ணையின் மகள்மார் ரூத், நவோமி, எஸ்தர் மூவரும் அந்தப் பாட்டிலேயே விழுந்துவிட்டார்கள். அடுக்குமாடியில் அயலார் சத்தம் என்று முறைப்பாடு செய்ய, பாடிப் பழக என் கிடங்கைத் திறந்துவிட்டேன். ஆக, அந்தக் குழு பிறந்தது என் அரிசி மூட்டைகளுக்கு நடுவில். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "வயித்தால பாடு பிள்ளை. தொண்டை சும்மா வாசல்தான்" என்பார். அவருக்கு ஒரு சுரமும் தெரியாது.

மூன்று வருடம் அப்படிப் பாடி, கோல்டிங் நகரில் ஒரு பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். வென்றால் பாட்டு ஒலிப்பதிவாகும், கோடை விழா மேடையும் கிடைக்கும். என் வேனில்தான் போனோம்.

போட்டி தொடங்கப்போகும் நேரம். அண்ணை எழுந்து நேரே நடுவர் மேசைக்குப் போனார். நம்முடைய விழாக்களில் பிரதம விருந்தினரைக் கௌரவிக்காமல் ஒரு பாட்டும் தொடங்காதே! மூன்று நடுவர்களுக்கும் வரிசையாகப் போர்த்தி, கைகூப்பினார். சபை கைதட்டியது.

தலைமை நடுவர் நெட்டையான ஒரு பெண்மணி. பொன்னாடையைக் கழற்றி, பக்குவமாக மடித்து, இது யாருடைய அப்பா என்று விசாரித்தார். போட்டிக்கு முன் நடுவருக்குப் பரிசு கொடுத்தால் குழுவை நீக்குவதுதான் விதியாம்.

ரூத் தகப்பனோடு முதலில் டேனிஷில் வெடித்தாள். பிறகு தமிழில், மெதுவாகச் சொன்னாள்: "மூண்டு வருசம் பாடினம் அப்பா. ஒரு நிமிசத்தில முடிச்சுப்போட்டியள்."

அண்ணையின் முகம் செத்துப்போனது.

எனக்கு மூளை இந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்ருப் ஊர்த் தமிழ் விழாவுக்கென்று இரண்டு பெட்டி பொன்னாடை வேனில் இருந்தது. "அண்ணை, ஓடி வாங்கோ" என்றேன். இருவருமாக எதிர்க் குழுக்களுக்கு, அவர்களுடைய தாய் தகப்பனுக்கு, விளக்குப் போடுபவருக்கு, கோப்பி விற்பவருக்கு எல்லாம் போர்த்தித் தள்ளினோம். பிறகு கடையில் பொறுக்கிய என் டேனிஷில் நடுவரிடம் சொன்னேன்: இது எங்கள் ஆட்கள் வணக்கம் சொல்லும் முறை, எல்லோருக்கும் ஒன்றுதான்.

அவர் மற்றக் குழுக்களிடம் ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். தாடிக்கார டிரம்ஸ்காரன் ஒருவன் பொன்னாடையைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தான். ஆட்சேபனை இல்லை, ஆனால் இதைத் திருப்பித் தரமாட்டேன் என்றான். நெட்டைப் பெண்மணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர்களுடைய மூன்றை மட்டும் திருப்பித் தந்துவிட்டு, பிள்ளைகளைப் பாடச் சொன்னார்.

அண்ணை மெல்லக் கதவுப் பக்கம் நழுவினார். மேடைப் படியில் நின்ற ரூத் கண்டுவிட்டாள்.

"எங்க போறியள்?"

"வெளியில நிக்கிறன் பிள்ளை. இருந்தால் இன்னும் ஏதும் குழப்பிப்போடுவன்."

"முன்னுக்கு வந்து இருங்கோ அப்பா. உங்கட முகம் தெரியாட்டி எனக்கு முதல் சொல்லே வராது."

வந்து இருந்தார். மூன்று குரலும் ஒன்றாக எழும்பியபோது, சபையில் ஒரு கதிரைகூட அசையவில்லை. முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

இன்று வானொலியைத் திருப்பினால் அந்தப் பிள்ளைகள். ஹம்பர்க்வரை போய்ப் பாடிவிட்டு வருகிறார்கள். எனக்கு ஆங்கிலப் பாட்டில் ஒரு சொல்லும் பிடிபடாது. கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டால் மட்டும் எல்லாம் விளங்கிவிடுகிறது.