தேர் இழுக்க வந்த டிராக்டர்

சாப்பாட்டு மேசையை ஒரு டிராக்டருக்குக் கொடுத்துவிட்டு, மனைவியோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட மகான் உலகத்திலேயே ஒருவர்தான். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் எதிர் வீட்டுக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க அவர் கியர்பாக்ஸ் அண்ணன்.

செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தை மூடியபோது மற்றவர்கள் நஷ்ட ஈட்டோடு வந்தார்கள். இவர் ஓடாத டிராக்டர் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் வீட்டைப் பார்க்க நிறுத்தி, இடுப்போடு இரண்டாகப் பிரித்தார். பல்சக்கரமெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஏறிக்கொண்டன. அவர் மனைவி சரோஜா அக்கா கொடுக்கும் தேநீரில் கிரீஸ் வாசனை இலவசம்.

"வொர்க்‌ஷாப்ல கொடுக்கலாமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"அவனுங்க அவசரப்படுவானுங்க லா. கியர்பாக்ஸுக்குப் பொறுமை வேணும் பாஸ்."

அக்காவின் பொறுமைதான் முதலில் தீர்ந்தது. "ஆடித் திருவிழாவுக்குள்ள ஓடணும். இல்லன்னா மறுநாளே பழைய இரும்பு லோரி வந்து தூக்கிட்டுப் போயிடும்" என்றார். லோரிக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். அண்ணன் முகம் செத்துப்போனது. அதற்காக அடங்கினாரா? நேராகக் கோயிலுக்குப் போய், அம்மன் தேரைத் தன் டிராக்டரே இழுக்கும் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

திருவிழா அன்று காலையில்தான் கடைசிப் பாகமான டிஃப்ரன்ஷியல், பின்சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தோடு, உள்ளே இறங்கியது. "ராகு காலத்துக்கு முன்ன மூடிடுங்க, சாமி காரியம்" என்று தலைவர் தலைமாட்டில் நின்று கடிகாரத்தைக் காட்டினார். பொறுமையின் திருவுருவம் பதறியடித்து போல்ட்டை முறுக்கியது.

சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஒரு முழம் நகர்ந்து பழத்தை நசுக்கினால் போதும். அண்ணன் முதல் கியரைப் போட்டார். பழம் அப்படியே இருந்தது. டிராக்டர் பின்பக்கமாகவே வந்து சாலையைக் கடந்து என் வீட்டு கேட்டை நசுக்கியது. அவசரத்தில் பெரிய பல்சக்கரத்தை இடவலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். எல்லா முன் கியரும் பின்னால்தான் போகும்.

திரும்பப் பிரித்து மாட்ட நேரமில்லை. தலைவர் வேறு வண்டிக்கு போன் போட ஆரம்பித்தார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

சரோஜா அக்கா சாலையில் இறங்கி வந்தார். "ஏங்க, முன்னால போற கியரெல்லாம் பின்னால போகுதுன்னா, ரிவர்ஸ் போட்டா எங்க போகும்?"

அண்ணன் ரிவர்ஸ் போட்டார். டிராக்டர் முன்னால் போனது.

அன்று மாலை தாமானைச் சுற்றி அம்மன் வந்தது முழுக்க ரிவர்ஸ் கியரில்தான். அந்த வேகத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு முறை ஆரத்தி எடுத்தார்கள். "அம்மன் இவ்ளோ நிதானமா போய் நான் பார்த்ததில்ல" என்று தலைவர் தான்தான் ஏற்பாடு செய்தது போல் பூரித்தார்.

மறுநாள் லோரி வந்தது. அக்கா வாசலிலேயே மறித்தார். "தம்பி, அது சாமிய இழுத்த வண்டி. கொடுக்க முடியாது. தே குடிச்சிட்டுப் போங்க."

அன்றே அண்ணன் டிராக்டரை மறுபடியும் இரண்டாகப் பிரித்தார். என் கேட் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது, திட்டிக்கொண்டேதான் திறக்கிறேன். ஆனால் காலையில் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை என்றால், அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று சாலையைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது.