சகலை வீட்டு முட்டை

"அண்ணே, இந்தக் குளிர்லயும் ஒண்ணு போட்டிருக்கு பாருங்க!" என்று வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார் சகலை. உள்ளங்கையில் ஒரு முட்டை.

தையற்காரர் வீட்டில் அன்று இரண்டு முட்டை. கணக்குப்படி அவர்தான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் சகலையின் முட்டை பெரிதாக இருந்தது. வயிறு எரிந்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். பக்கத்து வீடு, சொந்த மருந்துக்கடை. "சின்ன மாப்பிள்ளை மாதிரி வருமா?" என்று மாமியார் சொல்லாத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மாமியார் வருகிறார். அன்றைக்கு ஒரு தடவையாவது "பெரிய மாப்பிள்ளை மாதிரி வருமா" என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் தையற்காரரின் வாழ்நாள் ஆசை.

நேராகத் தீவனக்கடைக்குப் போனார்.

"பனிக்குப் பயப்படாத கோழி வேணும். முட்டை பெருசா இருக்கணும்."

கடைக்காரர் மூன்று சிவப்புக் கோழிகளைக் காட்டினார். தடித்த இறகு, குட்டைக் கொண்டை. "பெரிய கொண்டைன்னா குளிர்ல விறைச்சுப்போகும். இதுங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்ககிட்ட ஏற்கெனவே என்ன இனம் இருக்கு?"

"தலையில பூப்பந்து மாதிரி இறகு இருக்குமே, அது நாலு."

"ஐயையோ! அதுங்க சாது. தலையிறகு கண்ணை மறைக்கும், யார் கொத்துறாங்கன்னே தெரியாம அடி வாங்கும். இதுங்க முரடு. குளிருக்குப் பொருந்தினா மட்டும் போதாதுங்க, ஒண்ணுக்கொண்ணும் பொருந்தணும்."

"நான் கோழி கேட்டேனா, ஜாதகம் கேட்டேனா?" என்றார் தையற்காரர்.

மறுநாள் சாயங்காலம் தையற்கடையிலிருந்து திரும்பியபோது பூந்தலைக் கோழிகளின் முதுகில் பாதி இறகைக் காணோம். முட்டைப் பெட்டியும் காலி. வேலியில் ஒரு பலகை வேறு பெயர்ந்து கிடந்தது. சகலைதான் வசதியானவர், அவரே சரிசெய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு மூணு!" என்றார் சகலை.

மூன்றும் சின்ன முட்டை என்பதில்தான் தையற்காரருக்கு ஓர் அற்ப ஆறுதல்.

"அந்தச் சிவப்புங்களைத் திருப்பிக் கொடுத்துடுங்க," என்றாள் மனைவி. "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்கு."

"பூனையா? யாரு, நானா?"

அந்தச் சொல் உறைத்தது. அவர் தொழிலைக் காட்டினார். பழைய கம்பளிக் கோட்டைக் கிழித்து, முதுகு தெரிந்த நான்கு கோழிகளுக்கும் அளவெடுத்துச் சட்டை தைத்தார். இரட்டைத் தையல், வயிற்றுப் பக்கம் மூன்று சிவப்புப் பொத்தான். போட்டுவிட்டதும் அவருக்கே பெருமை தாங்கவில்லை.

சிவப்புக் கோழிகளுக்குத்தான் தாங்கவில்லை. சட்டை போட்டு வந்தவர்கள் அந்நியர்கள் என்று நினைத்து முன்னைவிட மூர்க்கமாகத் துரத்தின. இரண்டு வீட்டிலும் பகலில் ஆள் கிடையாது. விலக்கிவிட யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் பார்த்தால் சட்டைகளில் பொத்தான் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சகலை கிண்ணத்தோடு நின்றார்.

"நாலு, அண்ணே! என்னமோ நம்ம கைராசி."

கைராசியாம்! தையற்காரர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. 'சிவப்புக் கோழிகளுக்குச் சட்டை இல்லாததால்தானே துரத்துகின்றன? எல்லாருக்கும் சீருடை போட்டால் யாரை யார் துரத்துவது?' என்று தோன்றியது. ஏழு கோழிக்கும் சட்டை தயாரானது, பொத்தானும் புதிது.

சீருடை போட்டதும் சிவப்புக் கோழிகளுக்கே ஒன்றையொன்று அடையாளம் தெரியவில்லை. கூட்டில் ஒரே அடிதடி. அவை பெட்டியில் ஏறுவதையே விட்டுவிட்டன. பொத்தான்கள் மறுபடியும் மாயம். மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஞாயிறு வந்தது, மாமியாரும் வந்தார். சகலை கூடை நிறைய முட்டையோடு வந்தார். அதில் மூன்று முட்டை உள்ளங்கையை நிறைத்தன.

"மூணே மூணு கிழட்டுக் கோழியை வைச்சுக்கிட்டு இவ்வளவா?" மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியே பெரிய மாப்பிள்ளையின் கூட்டைப் பார்த்தார். கோட்டுப் போட்ட ஏழு கோழிகள் குளிரில் முறைத்துக்கொண்டு நின்றன.

"அதுங்க எங்கேயாவது வேலைக்குப் போகுதா, மாப்பிள்ளை?"

சகலை சிரித்துவிட்டார். தையற்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தீவனத்துல ஏதோ மருந்து கலக்கறாரு, அத்தை!" என்று வெடித்தார். "மருந்துக்கடை வைச்சிருக்கிறவருக்கு அது கஷ்டமா? இல்லேன்னா என்ன மாயம் நடக்குதுன்னு இப்பவே சொல்லச் சொல்லுங்க!"

"மருந்தா? நானா?" சகலையின் முகம் சுண்டிப்போனது. மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது கொழுந்தியாள் உள்ளே வந்தாள். காலையில் கோழிக்கூட்டைச் சுத்தம் செய்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். மூடிய கையை மேசைமேல் கொண்டுவந்து திறந்தாள். சிவப்புப் பொத்தான்கள் சிதறி உருண்டன.

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன், அத்தான்," என்றாள். "எங்க கோழிங்க முட்டையோட சேர்த்துப் பொத்தானும் போடுதுங்களே, உங்க கோழிங்களும் அப்படித்தானா?"